பருப்பு ஏன் அவியவில்லை?

விவசாயக் குடும்பமொன்றின் வாழ்வில் சிறு சிறு இடையூறுகள் நிகழாத நாள் இல்லை. இறைப்பு மிசின் இடையில் நின்றுவிடும். வரம்பில் நண்டுத் துளை விழுந்து, இரவோடு இரவாகத் தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போய்விடும். கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பானையிற் பருப்பு இரண்டு மணித்தியாலம் கொதித்தும் அவியாமற் கிடக்கும். இவற்றை நாம் "கெட்ட காலம்" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்; அல்லது யாரோ ஒருவரைப் பிடித்து ஏசிவிட்டு மனம் ஆறுகிறோம். அந்த இடையூறு எமக்கு என்ன சொல்ல வந்தது என்று கேட்பதில்லை. அது பெரிதாவதற்கு முன்னரே அதனைக் கவனித்துவிட்ட ஒருவர் பெரும்பாலும் எமது வீட்டிலேயே இருந்திருப்பார். அவரிடமும் நாம் கேட்பதில்லை.

பரம்பரையாகச் செய்த நிலத்தில் இருப்பவருக்கு இதனாற் பெரிய நட்டம் வராமற் போகலாம். அந்த மண் அவருடைய காலுக்கே தெரியும். இடம்பெயர்ந்து, குத்தகைக்கு எடுத்த காணியில், கடன்பட்டு வாங்கிய மிசினோடு, பழக்கமில்லாத கிணற்றை நம்பிப் பயிர் செய்பவருக்கு நிலைமை அப்படியல்ல. ஒரு போகம் பிழைத்தால் மிச்சமிருக்கும் தோடும் அடைவுக்குப் போகிறது. இந்த விடயத்தைச் சற்று விரிவாக எழுத நினைத்தமைக்குக் காரணம் அதுவே.

மிசினின் சத்தம்

வெங்காயத் தோட்டமொன்றில் நடந்தது இது. தகப்பன் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறார். கிணற்றடியில் பதினொரு வயது மகன். "அப்பா, மிசின்ர சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று அங்கிருந்து கத்துகிறான். "எண்ணெய் கிடக்கோ எண்டு பார். சும்மா கத்தாத" என்கிறார் தகப்பன். எண்ணெய் இருந்தது. கால் மணித்தியாலத்தில் தண்ணீர் அடியோடு நின்றது. போய்ப் பார்த்தால் பம்பு கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. உள்ளே சீல் கருகிப் போயிற்று.

இங்கே நடந்தது இதுதான். பம்பு தண்ணீரை இழுக்கும்போது இயந்திரத்துக்குச் சுமை இருக்கிறது. தண்ணீரோடு காற்றையும் இழுக்கத் தொடங்கினாற் சுமை குறைகிறது. வேகம் கூடி, சத்தம் மெலிந்து உயர்கிறது. குழாய் வாயிலே தண்ணீர் விட்டுவிட்டு வரும். பம்பினுள் இருக்கும் சீலைக் குளிர வைத்திருப்பது அதனூடாக ஓடும் தண்ணீரே ஆகையால், வெறுமையாக ஓடும் பம்பு சில நிமிடங்களிலேயே சீலைத் தின்றுவிடும். காற்று உட்புகுவதற்கு உறிஞ்சு குழாயில் ஒரு வெடிப்பு, இளகிய இணைப்பு, அடியிலுள்ள வால்வில் அகப்பட்ட சருகு என்று பல காரணங்கள் இருக்கலாம். கிணற்று நீர் கீழே இறங்கிவிட்டதும் ஒரு காரணமாகலாம். தரையில் வைத்த பம்பு நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது 23 அடி ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சமாட்டாது. ஆகவே சத்தம் மாறுவது சில வேளைகளிற் கிணறு அனுப்பும் செய்தி.

அந்த வீட்டில் அன்று மாலை வரை பேசப்பட்டது, கடைக்காரன் மலிவான சீலைத் தலையிற் கட்டிவிட்டான் என்பதுதான். பையனிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மிசின் திருத்துபவர் வந்தபின், சத்தம் எப்படி மாறியது என்று நாம் அவனைக் கேட்டோம். அவன் அதை வாயாலேயே செய்து காட்டினான்: முதலிற் கனத்த சத்தம், பிறகு விக்கல் போல இரண்டு மூன்று, பிறகு கூவல். திருத்துபவர் சிரித்துவிட்டு நேரே உறிஞ்சு குழாயைத் தூக்கிப் பார்த்தார். மேற்புற வளைவில் விரல் நகமளவு வெடிப்பு ஒன்று இருந்தது. புதிய சீலை மட்டும் போட்டிருந்தால் அதுவும் ஒரு கிழமைக்குள் கருகியிருக்கும்.

அடுப்படியில் முதலில் தெரிவது

யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாயிகளுக்குக் கிணறுதான் ஆறும் குளமும். சுண்ணாம்புக் கல்லினுள் ஊறிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இது நூறாண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியக் கரையோரங்களில் அறியப்பட்ட உண்மை. மறுபக்கமாகப் பார்த்தாற்றான் இதன் பயங்கரம் விளங்கும்: மேலே நாம் ஓரடி நீரைக் குறைத்தால், கீழே உவர்நீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. ஒரே கிணற்றிலிருந்து நாள் முழுவதும் இறைத்தால், அந்தக் கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு போல எழுகிறது. ஓய்வு கொடுத்தால் அது இறங்கும். ஆனால் ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை.

இந்த மாற்றம் முதலில் யாருக்குத் தெரிகிறது? தோட்டத்தில் நிற்பவருக்கல்ல. வெங்காயத் தாளின் நுனி கருகி அவருக்குத் தெரிய வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். விடியற்காலையில் தேநீர் வைப்பவருக்கே முதலில் தெரியும். தேநீரின் சுவை மாறும். சவர்க்காரம் நுரைக்காது. கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு முன்னரிலும் விரைவாகத் தடிக்கும். கடினநீரிற் பருப்பு அவிய மறுக்கும். இவை ஒவ்வொன்றும் தண்ணீரின் குணம் மாறுவதற்கான அடையாளம்.

"இஞ்சேருங்கோ, கிணத்துத் தண்ணி மாறிப்போச்சு. பருப்பு அவியுதில்லை" என்று மனைவி சொல்கிறாள். "பருப்புப் பழசாக்கும்" என்று கணவன் சொல்கிறார். அவர் சொல்வதும் பொய்யல்ல, பழைய பருப்பும் அவியாதுதான். இந்த இடத்தில் வாக்குவாதம் எதற்கு? ஒரே பருப்பில் ஒரு பிடியைக் கிணற்று நீரிலும் இன்னொரு பிடியை மழை நீரிலும் போட்டு, ஒரே நேரம் அவித்துப் பாருங்கள். மழை நீர் இல்லையென்றால் நல்ல தண்ணீர் உள்ள அயற் கிணற்றில் ஒரு செம்பு அள்ளி வாருங்கள். இரண்டு பானைகளும் கொதித்து முடியும்போது யார் சரி என்பது தெரிந்துவிடும். எந்த ஆய்வுகூடமும் இவ்வளவு மலிவாக இல்லை. மழை நீரில் அவிந்து கிணற்று நீரில் அவியாமல் இருந்தால், ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போய், அதனை அளந்து பார்க்க வழி கேளுங்கள்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஒரே மூச்சில் இறைப்பதை விட்டு, காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து இறைக்கலாம். உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல் மேலே தூக்கிக் கட்டலாம். பாத்திகளுக்கு வைக்கோலோ சருகோ மூடாக்கு இட்டு இறைப்பின் இடைவெளியைக் கூட்டலாம். வெங்காயம் உப்பைத் தாங்கமாட்டாது, பீற்றூட் ஓரளவு தாங்கும். அடுத்த தவணைக்கு என்ன நடுவது என்று தீர்மானிக்கும்போது பருப்பு வேகாத அந்தக் காலை நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

சுன்னாகப் பகுதியிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பதாக முறையிட்டவர்களும் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்த மக்களே. அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாகியது. "எங்களுக்கென்ன தெரியும்" என்று அவர்கள் வாளியைக் கழுவி வைத்துவிட்டு இருந்திருந்தால் அது நீதிமன்றப் படியேறியிராது.

குளத்தை நம்பி இருப்போருக்கும் ஒரு வார்த்தை. மாரியிற் குளக்கட்டின் அடியிற் கசிவு காண்பது புதிதல்ல. அந்தக் கசிவு தெளிந்த நீரா, கலங்கல் நீரா என்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். தெளிந்த நீரென்றால் நாளுக்கு நாள் கூடுகிறதா என்று அவதானித்து வரலாம். கலங்கி வந்தால் கட்டின் உள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள்; அன்றிரவே கமநல சேவை நிலையத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ சொல்ல வேண்டும். பெரிய குளமொன்றின் கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்பதை 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய் கண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்படியான கலங்கலை முதலிற் காண்பவர்கள் மாடு சாய்த்துக்கொண்டு கட்டோரம் போகும் சிறுவர்கள். அவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

புதிய மண்ணிற் பழைய பழக்கம்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதியையும் அதன் பின் வந்த மாதங்களையும் எமது வாசகர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும் போனவர்களிற் பலர் கையோடு கொண்டு போனது மண்வெட்டியும் தோட்டம் செய்த அனுபவமுமே. அந்த அனுபவம் செம்மண்ணில் பெற்றது. செம்மண் விட்ட தண்ணீரை உடனே கீழே இறக்கிவிடும். அதனால் நாள் தவறாமல் இறைத்துப் பழகிய கைகள் அவை. வன்னியின் தாழ்நில மண்ணோ தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேட்டுநிலத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லைப் போலவும் நனைந்தால் களியைப் போலவும் இருக்கும். பழைய கணக்கில் இறைத்த வெங்காயம் அடியழுகிப் போனது.

"இந்த மண் தண்ணியை விடாது தம்பி, பொறுத்து விடும்" என்று அயலில் இருந்த வன்னிக் கமக்காரர் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். கேட்பதற்குத் தடையாக இருந்தது எமது ஆட்களின் எண்ணம். "வன்னிச் சனத்துக்குத் தோட்டம் தெரியாது" என்ற பேச்சு அந்நாட்களில் எத்தனை கொட்டில்களிற் கேட்டது! இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்தவனுக்கு மிஞ்சியிருப்பது தன் தொழிற்பெருமை ஒன்றே என்பதையும் நாம் விளங்கிக்கொள்கிறோம். அதையும் விட்டுக்கொடு என்றால் அவன் எங்கே போவான்? ஆனாலும் மண் ஒருவருடைய பெருமையையும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று தவணை அழுகிய பின்னர், அயலவரிடம் கேட்டு, மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்த்து இறைக்கப் பழகியவர்கள் நன்றாகவே விளைவித்தார்கள். பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் உழவுக்கு ஏற்ற ஈரம். விரலில் ஒட்டினாற் பொறுக்க வேண்டும்.

நெற்செய்கையிலும் இதே கதைதான். இந்தோனேசியாவிற் கபில நிறத் தத்தி வயல்களை எரித்தபோது விவசாயிகள் மேலும் மேலும் மருந்தடித்தார்கள். தத்தி மேலும் பெருகியது. தத்தியைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிட, இலைமடலுக்குள் இருந்த தத்தி முட்டைகள் தப்பிப் பொரித்தன. 1986இல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. 1989 முதல் வயல்களிலேயே விவசாயிகளுக்குப் பாடசாலைகள் தொடங்கின. பின்னர் இலங்கைக்கும் இந்த முறை வந்தது. அங்கே கிழமைக்கொருமுறை விவசாயிகள் வயலுக்குள் இறங்கி, நெற்பயிரின் அடியைப் பிரித்துப் பார்த்து, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் படமாக வரைவார்கள். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் போதனாசிரியர் பெயரைச் சொல்லமாட்டார். "எங்கே கண்டீர்கள்? என்ன செய்துகொண்டு இருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பச்சை மட்டுமே தெரியும். தத்தி இருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில். களை பிடுங்கக் குனிந்த பெண்களுக்கு அது கையிலே படும்.

மூன்று வகை "ஓம்"

கிராமங்களுக்குத் திட்டங்களோடு போவோர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "இந்த இடத்தில குழாய்க்கிணறு அடிச்சாச் சரிதானே?" கூட்டம் முழுவதும் "ஓம்" என்று சொல்லும். கையெழுத்தும் வாங்கப்படும். அந்த "ஓம்" எப்படிப்பட்டது என்று கேட்பதற்கு ஆளில்லை. சம்மதம் என்ற ஓம் ஒன்று. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்ற மரியாதைக்குரிய ஓம் இன்னொன்று. மூன்றாவது, இல்லையென்றால் நிவாரணப் பட்டியலில் எனது பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் வரும் ஓம். முகாமில் வருடக்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு இந்த மூன்றாவது ஓம் பழகிப்போய்விட்டது.

இப்படிக் கிடைத்த ஓமின் பேரில் ஒரு கிராமத்திற் குழாய்க்கிணறு அடிக்கப்பட்டது. சில மாதங்களிற் பெண்கள் மறுபடியும் அரை மைல் நடந்து பழைய கிணற்றுக்கே போனார்கள். புதிய கிணற்றுத் தண்ணீரிற் சுகாதாரத்தின் பெறுமதி மக்களுக்கு விளங்கவில்லை என்று அதிகாரி ஒருவர் அறிக்கையில் எழுதினார். அவர் ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் குடித்திருந்தாற் போதும். அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம். தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் தேநீர் மை போலக் கறுக்கும். பெண்களுக்கு இது முதல் நாளே தெரியும். அவர்கள் கூட்டத்திற் பின்வரிசையில் இருந்தார்கள்.

ஓம், இல்லை என்று முடியும் கேள்விகளை விட்டுவிட வேண்டும். "எந்தத் தண்ணியில தேத்தண்ணி வைக்கிறியள்? மற்றக் கிணத்துக்கு ஏன் போறேல்லை?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படக் கூடாது. பெண்களோடு தனியாக, அவர்களுக்கு வசதியான நேரத்தில், கிணற்றடியிலேயே பேசலாம். எம்மிடம் வரும் உத்தியோகத்தர்களிடம் மட்டுமல்ல, எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் இதையே எதிர்பார்க்கிறோம். தலைவரும் செயலாளரும் பேச மற்றவர்கள் தலையாட்டும் சங்கங்கள் எம்மிடையே நிறைய உண்டு.

கவனியாமை எல்லாம் அசட்டை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷெல் வீச்சுக்கும் குண்டுவீச்சுக்கும் அருகில் இருந்தவர்களிற் பலருக்குச் செவிப்பறை பாதிக்கப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலிற் கைக்குழந்தையாக இருந்தவர் இன்று தாமே குடும்பம் நடத்தும் வயதுக்கு வருகிறார். கூப்பிட்டாற் திரும்பாதவர், மந்தமானவர் என்ற பெயரோடு பாடசாலையை விட்டவர்கள் அவர்களிலும் இருக்கக்கூடும். ஒரு காதால் மட்டும் கேட்பவருக்கு, முகத்தைப் பார்த்துப் பேசினால் விளங்கும். முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினால் விளங்காது. வைத்தியசாலையிற் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். காதிற் கோளாறு இல்லாமலே மனம் ஓரிடத்தில் நில்லாதவர்களும் உண்டு. காணாமற்போன மகனின் நினைவோடு அடுப்பை எரிக்கும் தாய் பாலைப் பொங்கவிட்டால் அதற்கு ஏசுவதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் இருந்து அவள் பேசுவதைக் கேட்பதே அங்கே செய்யக்கூடிய வேலை.

பிள்ளை கொண்டுவரும் செய்தி

இனி வருவது உயிரோடு சம்பந்தப்பட்டது. நிலக்கண்ணிகளுக்கு எதிரான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்து வந்திருக்கிறது. பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டது. எனினும் வெடிக்காத எறிகணைகள் பற்றைகளிலும் பாழ் கிணறுகளிலும் புதைந்து கிடக்கக்கூடும். காணி துப்புரவு செய்து குப்பைக்குத் தீ வைக்கும்போது அடியிற் கிடந்தது வெடித்த சம்பவங்கள் உண்டு. பழைய இரும்பு பொறுக்கப் போய் இறந்தவர்களும் உண்டு.

இதனை முதலிற் காண்பதும் பெரும்பாலும் பிள்ளைகளே. மாடு தேடிப் போன மகன் பிந்தி வருகிறான். "எங்கையடா போனனி?" என்று பூவரசந் தடியோடு நிற்கிறோம். அவன் கண்டதைச் சொல்ல வாயெடுக்கிறான், அடி விழுகிறது, சொல்ல வந்தது உள்ளே போய்விடுகிறது. அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான், கையோடு எடுத்தும் வருவான். போகக் கூடாத இடத்துக்குப் போனதற்கான கண்டிப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவனை இருத்தி, தண்ணீர் கொடுத்து, என்ன கண்டாய், எவ்வளவு பெரிது, என்ன நிறம், தொட்டாயா, உன்னோடு வேறு யார் வந்தார்கள் என்று ஆறுதலாகக் கேளுங்கள். வேறு பிள்ளைகள் கூட வந்திருந்தால் உடனே அவர்களுடைய வீடுகளுக்கும் சொல்லுங்கள். அவர்களில் ஒருவன் பின்னேரம் திரும்பிப் போகக்கூடும்.

தொடக் கூடாது, கல்லெறிந்து பார்க்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது என்பதைப் பிள்ளைகள் பாடசாலையிற் கேட்டிருப்பார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. அந்தப் பலகையைக் கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாக வைப்பவர் எவரானாலும் இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபத்தான இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று கண்டால் ஓடாமல் நின்று, சத்தமிட்டு மற்றவரை எச்சரிக்க வேண்டும். வந்த காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால் அதே தடத்திற் கால் வைத்துத் திரும்பலாம். தெரியாவிட்டால் அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிட வேண்டும். பிறகு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். இடத்தைக் காட்டுவதற்கென்று பிள்ளையை மறுபடியும் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டாம். முற்றத்தில் ஒரு தடியைக் கொடுத்து, வீடு எது, ஒழுங்கை எது, பனை எத்தனை, மாடு நின்றது எவ்விடம் என்று மண்ணிலே கீறிக் காட்டச் சொல்லுங்கள். கிராம அலுவலர் வரும் வரை அந்தப் படத்தைக் கூட்டி அழித்துவிடாதீர்கள்.